காணாமல் போன இயர்பட்ஸ்: ஆப் தேடும் முன் போன் என்ன காட்டுகிறது என்று பாருங்கள்

போன மழைக்காலத்தில் ஒரு நாள், குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டும் அண்ணன் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு வந்தார். விடியுமுன்னே தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு, ஒரு காதில் மட்டும் பட்ஸை மாட்டிப் பாட்டுக் கேட்டபடி பால் வெட்டுகிறவர். அந்த ஒற்றைப் பட்ஸ் தோட்டத்தில் எங்கோ விழுந்துவிட்டது. போனை வாங்கிப் பார்த்தேன். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தரும் என்று சொல்லிக்கொள்ளும் ஆப் நான்கு கிடந்தன. நான்கிலும் பச்சை ரேடார் சுழல்கிறது. அதில் ஒன்று வாராவாரம் அவரிடம் பணம் பிடித்துக்கொண்டிருந்தது.

"எப்போ விழுந்துது அண்ணே?"

"மூணு நாளாச்சு தம்பி. இதுல எது நல்ல ஆப்பு?"

மூன்று நாள் என்றதுமே விஷயம் முடிந்துவிட்டது. சார்ஜ் ஏற்றும் பெட்டிக்கு வெளியே கிடக்கும் பட்ஸில் சில மணி நேரத்துக்குத்தான் சார்ஜ் நிற்கும். சார்ஜ் போன பட்ஸ் அந்தச் சருகுக்குள் கிடக்கும் ஒரு ரப்பர் கொட்டை மாதிரிதான், எந்த ஆப்பாலும் அதைப் பேச வைக்க முடியாது. அதை அவரிடம் நேராகச் சொல்லிவிட்டு, பணம் பிடிக்கும் ஆப்பை மட்டும் நிறுத்திக் கொடுத்து அனுப்பினேன்.

எது நல்ல ஆப் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, உங்கள் போன் இப்போது என்ன காட்டுகிறது என்று. அதைப் பொறுத்துத்தான் ஆப். சில நேரம் ஆப்பே வேண்டாம்.

தேடத் தொடங்கும் முன்

பதற்றத்தில் புளூடூத்தை அணைத்து அணைத்துப் போடாதீர்கள். 'ஃபர்கெட்' கொடுத்து மறுபடி சேர்க்கவும் பார்க்காதீர்கள். பட்ஸ் இன்னும் போனோடு தொடர்பில் இருந்தால் அது விழித்திருக்கிறது என்று பொருள். தொடர்பு அறுந்ததும், விலை குறைந்த பல மாடல்கள் சில நிமிடம் காத்திருந்துவிட்டுத் தானாகவே அணைந்துவிடும். அணைந்ததை எழுப்ப, அதைக் கையில் எடுத்தால்தான் உண்டு.

ஒற்றைப் பட்ஸ் மட்டும் தொலைந்தது என்றால், மிச்சமிருப்பதைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுங்கள். இதை யாருமே செய்வதில்லை. சட்டைப் பையில் கிடக்கும் மற்ற பட்ஸோடு போன் சேர்ந்துகொண்டு 'கனெக்டெட்' என்று காட்டும். தொலைந்தது பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பி வீட்டையே புரட்டுவார்கள்.

இரண்டும் பெட்டிக்குள் இருக்க, பெட்டியோடு தொலைந்துவிட்டதா? மூடிய பெட்டிக்குள் பட்ஸ் தூங்கிவிடும், பெரும்பாலான பெட்டிகளில் சொந்தமாக புளூடூத் கிடையாது. ஏர்பாட்ஸ் புரோ இரண்டாம் தலைமுறை போன்ற சிலவற்றில் மட்டும் பெட்டியே குரல் கொடுக்கும். மற்றதெல்லாம் கடைசியாக எங்கே மூடினீர்கள் என்ற ஞாபகத்தை வைத்துத்தான் தேட வேண்டும்.

இன்னொன்று, அட்டையில் வயர்லெஸ் என்று போட்டிருப்பதெல்லாம் புளூடூத் இல்லை. சின்ன யூஎஸ்பி டாங்கிளோடு வரும் மவுஸும் கீபோர்டும் அந்த டாங்கிளோடு மட்டும்தான் பேசும். போனுக்கு அவை இருப்பதே தெரியாது. அப்படிப்பட்ட மவுஸைத் தேட ஆப் இறக்குவது வீண் வேலை.

ஆப் விஷயத்தில் என் வரிசை இதுதான். முதலில் அந்தப் பொருளைச் செய்த கம்பெனியின் ஆப். சாம்சங் பட்ஸுக்கு ஸ்மார்ட்திங்ஸ் ஃபைண்ட், நத்திங் பட்ஸுக்கு நத்திங் எக்ஸ், ஆப்பிள் பொருளுக்கு ஃபைண்ட் மை. பட்ஸைச் சத்தம் போட வைக்கும் பொத்தான் பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கும். அடுத்தது ஆண்ட்ராய்டு போனிலேயே கிடைக்கும் ஃபைண்ட் ஹப். முன்பு ஃபைண்ட் மை டிவைஸ் என்று இருந்ததைத்தான் 2025-இல் கூகுள் பெயர் மாற்றியது. இரண்டும் கைகொடுக்காதபோது, சுற்றியிருக்கும் புளூடூத் கருவிகளைப் பட்டியல் போட்டுக் காட்டும் ஒரு இலவச ஸ்கேனர். நான் கடையில் வைத்திருப்பது நார்வே நாட்டு சிப் கம்பெனியான நார்டிக் செமிகண்டக்டர் வெளியிட்ட என்ஆர்எஃப் கனெக்ட். பொறியாளர்களுக்காகச் செய்தது, அதனால் பார்க்க வறட்சியாக இருக்கும். ரேடார் கிடையாது, விளம்பரமும் கிடையாது. சிக்னல் எண்ணை உள்ளது உள்ளபடி காட்டும். காசு கேட்கும் ஆப்களும் அடியில் இதே எண்ணைத்தான் வாசிக்கின்றன, மேலே பெயின்ட் அடித்துத் தருகிறார்கள், அவ்வளவுதான்.

"கனெக்டெட் என்று காட்டுகிறது, ஆளைத்தான் காணோம்"

இது நல்ல அறிகுறி. பட்ஸ் உயிரோடு இருக்கிறது, பெரும்பாலும் பத்து மீட்டர் சுற்றளவுக்குள் கிடக்கிறது.

ஃபேனையும் டிவியையும் அணையுங்கள். கம்பெனி ஆப்பில் பட்ஸை ஒலிக்க வைக்கும் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். இல்லாவிட்டால் யூடியூபில் கீச்சென்ற சத்தம் வரும் எதையாவது முழு வால்யூமில் ஓட விடுங்கள். தாளமும் தபலாவும் உதவாது, அந்தச் சின்ன ஸ்பீக்கரிலிருந்து தூரத்துக்குக் கேட்பது கூர்மையான ஒலிதான். வீட்டில் யாருடைய காதிலும் அந்த ஜோடியின் மற்ற பட்ஸ் இல்லை என்று உறுதி செய்துகொண்டு செய்யுங்கள். முழு வால்யூமில் காதுக்குள் ஒலித்தால் வலிக்கும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. போனோடு தொடர்பில் இருக்கும் பட்ஸ், 'நான் இங்கே இருக்கிறேன்' என்று மற்றவர்களுக்கு அறிவிப்பதைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். அதனால் ஸ்கேனர் ஆப்பில் அது வராது. ஆப் சரியில்லை என்று நினைத்து இன்னொன்றை இறக்குவார்கள், அதிலும் வராது. தொடர்பு இருக்கும்வரை ஸ்கேனரை மறந்துவிடுங்கள்.

சத்தம் கேட்கவில்லை, மெத்தைக்கு அடியிலோ எங்கோ ஆழத்தில் கிடக்கிறது என்றால் நடந்து கண்டுபிடிக்கலாம். பாட்டை ஓடவிட்டு, போனைக் கையில் பிடித்து ஒரு திசையில் நடங்கள். தொடர்பு அறுந்ததும் பாட்டு நின்றுவிடும் அல்லது போனின் ஸ்பீக்கருக்கு மாறும். அந்த இடத்தில் ஒரு செருப்பைப் போட்டு வையுங்கள். திரும்பி வந்து தொடர்பு கிடைத்ததும் எதிர்த் திசையில் நடங்கள், அறுந்த இடத்தில் மற்ற செருப்பு. பக்கவாட்டிலும் இப்படியே இரண்டு அடையாளம். நான்குக்கும் நடுவில் தேடுங்கள். சுவர்கள் கணக்கைக் கொஞ்சம் கெடுக்கும், ஆனாலும் எந்த அறை என்று தெரிந்துவிடும். பேச்சிப்பாறை பக்கம் ஒரு கல்யாண வீட்டில் பந்தல் பிரித்த மறுநாள் இந்த முறையில்தான் சமையல்கட்டுப் பக்கம் என்று கண்டுபிடித்தோம். பட்ஸ், கழுவிக் கவிழ்த்த உருளிகளுக்கு நடுவில் கிடந்தது.

"ஸ்கேன் போட்டேன், ஒன்றுமே வரவில்லை"

பாதி நேரம் குற்றவாளி உங்கள் போன்தான்.

ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரையுள்ள போன்களில் லொகேஷனை ஆன் செய்யாமல் எந்த ஆப்பாலும் புளூடூத் ஸ்கேன் செய்ய முடியாது. சுற்றியிருக்கும் புளூடூத் கருவிகளை வைத்தே நீங்கள் இருக்கும் இடத்தை ஊகிக்கலாம் என்பதால் கூகுள் அப்படி வைத்தது. ஆண்ட்ராய்டு 12-இலிருந்து 'நியர்பை டிவைசஸ்' என்று தனி அனுமதி வந்தது. முதல் தடவை ஆப்பைத் திறந்தபோது அவசரத்தில் 'வேண்டாம்' என்று அழுத்தியிருந்தால் ஆப் குருடாகவே உட்கார்ந்திருக்கும். செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பெர்மிஷன்ஸ் பகுதிக்குப் போய் மாற்றுங்கள். பேட்டரி சேவரையும் அணையுங்கள்.

அப்புறம் இந்தப் பொறுமை விஷயம். ஸ்கேன் பொத்தானை டப் டப்பென்று அழுத்திக்கொண்டே இருந்தால் ஆண்ட்ராய்டு கோபித்துக்கொள்ளும். 30 வினாடிக்குள் ஐந்து தடவைக்கு மேல் ஒரு ஆப் ஸ்கேனைத் தொடங்கினால், போன் எதுவும் சொல்லாமல் முடிவுகளை நிறுத்திவிடும். பட்டியல் காலியாக இருக்கும், பிழைச்செய்தியும் வராது. அரை நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டு ஒரே ஒரு தடவை அழுத்துங்கள்.

ஐபோன்காரர்களுக்குத் தனிச் சிக்கல். 2010-இல் புளூடூத் 4.0 வந்தபோது, சார்ஜ் அதிகம் குடிக்காத 'லோ எனர்ஜி' என்ற வகையும் அதோடு வந்தது. ஐபோனில் ஓடும் ஸ்கேனர் ஆப்களுக்கு அந்த வகை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். பாட்டுக்கென்றே இருக்கும் பழைய வகையில் மட்டும் பேசும் மலிவு ஹெட்செட் அவற்றில் வரவே வராது. ஐந்து நட்சத்திர ஆப்பாக இருந்தாலும் வராது. அவர்கள் ஐபோனின் புளூடூத் செட்டிங்ஸ் பக்கத்தில் அது சேர்கிறதா என்று பார்த்து, மேலே சொன்ன செருப்பு முறைக்குப் போக வேண்டும்.

போன் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் பட்ஸ் வேறு யாரோடோ சேர்ந்திருக்கலாம். மார்த்தாண்டத்திலிருந்து வந்த ஒரு அக்கா, பட்ஸ் ஆட்டோவில் போய்விட்டது என்று கிட்டத்தட்ட அழுதுவிட்டார். "வீட்டுல வேற யாரு இதுல பாட்டு கேப்பாவ?" என்று கேட்டேன். மகன் டேப்லெட்டில் பாடம் பார்ப்பானாம். வீட்டுக்குப் போன் போட்டு டேப்பின் புளூடூத்தைப் பார்க்கச் சொன்னார். பட்ஸ் அதோடு சேர்ந்து, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் கிடந்தது. வீட்டிலுள்ள டேப், டிவி, லேப்டாப், அப்பாவின் போன் எல்லாவற்றிலும் புளூடூத்தை அணைத்துவிட்டு மறுபடி தேடுங்கள்.

இதையெல்லாம் செய்தும் வரவில்லையா, சார்ஜ் தீர்ந்திருக்கும் அல்லது எல்லைக்கு வெளியே இருக்கும். ஸ்கேனை ஓட விட்டபடி நீங்கள் நடந்த வழியே திரும்பி நடங்கள். பட்ஸ் தொலைந்து ஆறேழு மணி நேரம் தாண்டிவிட்டால் நான் யாரையும் நடக்கச் சொல்வதில்லை.

"வந்தது, ஆனால் பெயரில்லாமல் முப்பது வருகிறது"

கோட்டாறு, செட்டிகுளம் மாதிரி நெருக்கமான இடத்தில் ஸ்கேன் போட்டால் பக்கத்து வீட்டு டிவி, எதிர்வீட்டு வாட்ச், தெருவில் நிற்கும் ஸ்கூட்டர் வரை எல்லாம் வரும். பாதிக்குப் பெயர் இருக்காது. யாரும் பின்தொடராமல் இருக்க, பல கருவிகள் தம் முகவரியைக் கால் மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் இப்போது பார்த்த முகவரியை எழுதி வைத்து நாளைக்குத் தேடுவதில் பயனில்லை.

முதலில் கூட்டத்தைக் குறையுங்கள். வீட்டிலுள்ளவர்களின் போன், வாட்ச் எல்லாவற்றையும் ஒருவர் கையில் கொடுத்துத் தெருமுனைக்கு அனுப்புங்கள். பட்டியலைச் சிக்னல் வலிமைப்படி வரிசைப்படுத்தினால் பலமானது மேலே வரும். மேலே இருக்கும் பெயரில்லாதது எது என்று கவனித்து, அடுத்த அறைக்கு நடந்து பாருங்கள். நீங்கள் நகர்ந்தும் எண் அசையாவிட்டால் அது உங்கள் கையிலோ பையிலோ இருக்கிறது.

இந்த விஷயத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கத்து வீடுகளுக்கு ஒரு வசதி. பல வீடுகள் அவரவர் விளைக்குள், அதாவது தோப்புக்குள், தள்ளித் தள்ளி நிற்பதால் ஐந்தாறு கருவிக்கு மேல் பட்டியலில் வராது. தேடுவது சுலபம்.

"எண் ஏறுகிறது, இறங்குகிறது, ரேடார் வடக்கே காட்டுகிறது"

ரேடாரை நம்பாதீர்கள். சாதாரண புளூடூத் சிக்னலை வைத்து, அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று உங்கள் போனால் சொல்ல முடியாது. திசையைச் சுட்டிக்காட்ட அல்ட்ரா வைட்பேண்ட் என்ற வேறு வகை ரேடியோ வேண்டும். சாவியிலோ பையிலோ மாட்டிவைக்கும் ஆப்பிளின் ஏர்டேகில் அது இருக்கிறது, ஐபோன் 11-லும் அதற்குப் பின் வந்த பல மாடல்களிலும் இருக்கிறது. உங்கள் ஆயிரம் ரூபாய் பட்ஸில் இல்லை. ஆப்பில் சுழலும் அந்தப் பச்சைக்கோடு வெறும் அலங்காரம்.

எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டால் போதும். ஆர்எஸ்எஸ்ஐ என்று போட்டிருக்கும், எப்போதும் மைனஸில் இருக்கும். பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம். -45 என்றால் கைக்கெட்டும் தூரம். -70 என்றால் பக்கத்து அறையாக இருக்கலாம். -90-ஐத் தொட்டால் நூலிழையில் தொங்குகிறது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் எண் ஏறக்குறைய 6 இறங்கும். வீட்டுக்குள் அந்தக் கணக்கு நிற்காது, சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று மோதி எண்ணை ஆட்டிவைக்கும். நீங்கள் அசையாமல் நின்றாலும் ஏழெட்டு கூடிக் குறையும். அதனால் ஒரு அடி வைப்பதும் எண்ணைப் பார்ப்பதுமாக இருக்காதீர்கள். இரண்டடி நகர்ந்து, ஐந்து வினாடி நின்று, அதிகம் தங்கிய எண் எது என்று பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள்.

திசை தெரிய உங்கள் உடம்பையே பயன்படுத்தலாம். புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும், மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அந்த அலைவரிசையில்தான் சோற்றைச் சூடாக்குகிறது. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். போனை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்தில் மெல்ல ஒரு சுற்று சுற்றுங்கள். எண் எந்தப் பக்கம் திரும்பும்போது மிக மோசமாக விழுகிறதோ, அப்போது பட்ஸ் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. காசு கட்டி வாங்கிய ரேடாரை விட இது எவ்வளவோ மேல்.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஆண்டில் பாதி நாள் நனைந்து கிடக்கும் தோட்டத்தில் ஈரச் சருகுக்கு அடியில் பட்ஸ் விழுந்தால் சிக்னல் இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் வராமல் போகலாம். தரையோடு தரையாகக் கிடப்பதும் எல்லையைக் குறைக்கும். நின்ற நிலையில் பார்க்காமல், போனை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடித்து, மரவரிசை வரிசையாக நடங்கள். பால் வெட்டுபவர்களுக்கு ஒரு வசதி, போகிற வரிசை எப்போதும் ஒன்றுதான். எந்த மரத்தடியில் குனியும்போது பாட்டு நின்றது என்று ஞாபகம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

தண்ணீரை விடத் தொல்லை இரும்பு. பீரோ, அரிசி போடும் தகர டிரம், வாஷிங் மெஷின் எதற்குள் விழுந்தாலும் சிக்னல் அடைபட்டுவிடும். எண் எங்கே போனாலும் -80-க்கு மேல் ஏறாமல், ஆனால் முழுதாகவும் மறையாமல் இருந்தால் இதைத்தான் சந்தேகப்படுவேன். வீட்டிலுள்ள பீரோக் கதவுகளையும் மெஷின் மூடியையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். எதைத் திறந்ததும் எண் சட்டென்று குதிக்கிறதோ, அங்கேதான்.

"மேப்பில் வடசேரி பஸ் ஸ்டாண்டைக் காட்டுகிறது"

ஒரு கல்லூரி மாணவி தக்கலையிலிருந்து தினமும் நாகர்கோவில் போய் வருகிறவர். மேப்பில் வடசேரி என்று காட்டியதால் பஸ் ஸ்டாண்டில் கடை கடையாக ஏறி இறங்கி விசாரித்திருக்கிறார். பட்ஸ் கடைசியில் அவர் பையிலேயே, குடை உறைக்குள் இருந்தது.

பட்ஸில் ஜிபிஎஸ் கிடையாது. மேப்பில் தெரிவது பெரும்பாலும், பட்ஸோடு தொடர்பு கடைசியாக இருந்தபோது உங்கள் போன் நின்ற இடம். அந்தப் பெண் வடசேரியில் பஸ் ஏறும் முன் பட்ஸைப் பெட்டிக்குள் போட்டு மூடியிருக்கிறார், தொடர்பு அங்கே அறுந்தது, போன் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டது. அப்புறம் பட்ஸ் எங்கே போனாலும் மேப்புக்குத் தெரியாது.

எனவே இடத்தைப் பார்க்கும் முன் அதற்குக் கீழே போட்டிருக்கும் நேரத்தைப் பாருங்கள். அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? நீங்களாகப் பெட்டியை மூடிய நேரம் என்றால் அந்த இடத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. பாட்டு தானாக நின்ற நேரம் என்றால் உடனே அங்கே போங்கள். பஸ்ஸில் வரும்போது நின்றிருந்தால் புள்ளி கொஞ்சம் தள்ளியும் இருக்கலாம், பட்ஸ் பஸ்ஸிலேயே பயணம் செய்துகொண்டும் இருக்கலாம். அதற்கு மேப்பை விட்டுவிட்டு டிக்கெட்டை எடுத்துக்கொண்டு டெப்போவுக்குப் போவதுதான் வழி.

"டேக் மாட்டியிருக்கிறேன், இடம் மாறவே இல்லை"

டேகிலும் ஜிபிஎஸ் இருக்காது. அது புளூடூத்தில் முனகிக்கொண்டே இருக்கும், வழியே போகிற யாருடைய போனோ அந்த முனகலைக் கேட்டு, தான் நிற்கும் இடத்தை உங்களுக்கு அனுப்பிவைக்கும். போகிறவருக்கே இது தெரியாது. ஆக, ஆள் நடமாட்டம்தான் டேகின் உயிர். கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்கும் கூட்டத்தில் விழுந்தால் அடிக்கடி இடம் புதுப்பிக்கப்படும். பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு தோட்டத்தில் விழுந்தால், அடுத்த ஆள் அந்த வழியே வந்து, அவர் போனுக்கு டவர் கிடைக்கும்வரை ஒன்றும் நடக்காது.

எந்த டேக் என்பது உங்கள் போனைப் பொறுத்தது. ஐபோன் என்றால் ஏர்டேக். சாம்சங் கேலக்ஸி என்றால் ஸ்மார்ட்டேக், அது மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் வேலை செய்யாது. மற்ற ஆண்ட்ராய்டுக்கு ஃபைண்ட் ஹப்போடு சேரும் டேக் என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள், பழைய அட்டையில் ஃபைண்ட் மை டிவைஸ் என்று இருக்கும். விலை குறைவு என்று ஏதோ பெயர் தெரியாத ஆப்போடு வரும் டேகை வாங்கினால், அதே ஆப்பை வைத்திருக்கும் இன்னொருவர் அந்த வழியே வந்தால்தான் உண்டு. இரணியலிலும் கருங்கலிலும் அப்படி எத்தனை பேர் இருப்பார்கள்?

கூகுள் பக்கம் ஒரு செட்டிங் இருக்கிறது, நம் ஊருக்கு முக்கியமானது. தானாக வரும் அமைப்பில், நடமாட்டம் மிகுந்த இடங்களில் மட்டுமே உங்கள் போன் மற்றவர்களுக்கு உதவும். பல போன்கள் சேர்ந்து பார்த்தால்தான் இடத்தைச் சொல்லும், அந்தரங்கத்துக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். போனின் கூகுள் செட்டிங்ஸில் ஃபைண்ட் ஹப்புக்குள் போய், ஆஃப்லைன் கருவிகளைத் தேடும் பகுதியில் 'எல்லா இடங்களிலும்' என்று மாற்றிவிடுங்கள். நீங்கள் ஒருவர் மாற்றினால் போதாது, உங்கள் ஊர்வழியே நடக்கிறவர்களும் மாற்றியிருக்க வேண்டும். நான் கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டு, சரி என்றால் மாற்றிக் கொடுத்து அனுப்புகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் சுயநலமும் உண்டு, என் ஸ்கூட்டர் சாவியில் ஒரு டேக் தொங்குகிறது.

பேட்டரியையும் பாருங்கள். ஏர்டேகில் போடுவது சிஆர் 2032 என்ற பொத்தான் பேட்டரி, ஒரு வருடம் போல வரும். குழந்தைகள் விழுங்காமல் இருக்கக் கசப்புப் பூசிய பேட்டரிகள் சில ஏர்டேகில் சரியாக ஒட்டாமல் போகும், புது பேட்டரி போட்டும் டேக் எழவில்லை என்றால் வேறு ஒன்றை மாற்றிப் பாருங்கள்.

"ஆப்பை நீக்கிவிட்டேன், பணம் இன்னும் போகிறது"

மூன்று நாள் இலவசம், அப்புறம் வாராவாரம் கட்டணம். இந்த வகை ஆப்களில் பலவற்றின் பிழைப்பே இதுதான். ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்ற இடத்தில் போய் நிறுத்த வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டால் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் வரும். யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

புளூடூத் தேடும் ஆப்புக்கு லொகேஷனும் நியர்பை டிவைசஸும் கேட்க நியாயம் உண்டு. கான்டாக்ட்ஸும் எஸ்எம்எஸ்ஸும் கேட்டால் அப்போதே மூடிவிடுங்கள்.

"அப்பாவின் காதுக்கருவியைக் காணோம்"

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் மகள் சுசீந்திரத்திலிருந்து பேசினார். ஒரு காதுக்கருவியின் விலையில் நல்ல போனே வாங்கலாம், ஆகவே அவர் பதறியதில் தப்பில்லை. நான் சொன்னது இதுதான்: பட்ஸை விட இதைக் கண்டுபிடிக்க வாய்ப்பு அதிகம். பொத்தான் பேட்டரி போடும் காதுக்கருவி, பேட்டரிக் கதவு மூடியிருக்கும்வரை பல நாள் ஓடிக்கொண்டே இருக்கும். புளூடூத் உள்ள மாடல் என்றால் கம்பெனி ஆப்பில் தேடும் வசதி இருக்கிறதா என்று பார்க்கலாம்.

புளூடூத் இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. துணிக்கடியிலோ தலையணைக்கடியிலோ மூடிக் கிடக்கும் காதுக்கருவி, தன் ஒலியையே தான் வாங்கிக் கீச்சென்று கத்தும். வயதானவர்களுக்கு அந்தக் கூர்மையான ஒலி கேட்காது. "சார் தேட வேண்டாம், வீட்டுல சின்னப் பிள்ளையள் உண்டும்னா கூப்பிடுங்க, ராத்திரி எல்லாத்தையும் அணைச்சிட்டு அவிய காது வச்சுக் கேக்கட்டும்" என்றேன். பேத்தி கண்டுபிடித்தாள். சாரின் சட்டைப் பையில், கைக்குட்டைக்குள்.

"யாரோ எடுத்துக்கொண்டார்கள்"

தொலைந்தது போன் என்றால், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ-யைக் கொடுத்து முடக்கலாம். பட்ஸுக்கும் வாட்சுக்கும் அந்த வழி எதிர்பார்க்காதீர்கள். பட்ஸில் சிம் இல்லை, ஐஎம்இஐ இல்லை, எந்த டவரோடும் அது பேசுவதில்லை. புளூடூத் முகவரியை எழுதிக் கொடுத்தால் போலீஸ் கண்டுபிடித்துவிடும் என்று சிலர் நம்பி வருகிறார்கள், அது நடக்காது. சிம் உள்ள வாட்சில் மட்டும் ஐஎம்இஐ உண்டு.

கிடைத்துவிட்டது, ஆனால் நனைந்திருக்கிறது

மழையில் கிடந்து எடுத்த பட்ஸை உடனே பெட்டிக்குள் போட்டு சார்ஜ் ஏற்றாதீர்கள். ஈரத்தோடு மின்சாரம் சேர்ந்தால் அந்தச் சின்னப் பித்தளை முனைகள் பச்சை பிடித்து அரித்துவிடும். கடற்கரையில் விழுந்தது என்றால் உப்பு இன்னும் மோசம். சொத்தவிளையிலோ முட்டத்திலோ மணலில் கிடைத்ததை, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, ஸ்பீக்கர் வாயிலுள்ள சின்ன வலையில் அடைந்த மணலைக் காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஃபேன் காற்றில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். அரிசி டப்பாவுக்குள் புதைக்க வேண்டாம், அரிசித் தூசி போய் வலைக்குள் அடைந்துகொள்ளும். மறுநாள் முனைகள் பளிச்சென்று இருந்தால் பெட்டியில் வைத்துப் பாருங்கள், விளக்கு எரியாவிட்டால் கடைக்கு எடுத்து வாருங்கள்.